டிசம்பர் வரை வெறுங்கால்

கிரேவில் தோட்டம், மேற்பிரிவு,
மஸ்கெலியா.
ஜூன் 8

அன்புள்ள ஜெனிதா அக்கா,

முதலில் ஒரு வேண்டுதல். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். மதருக்கு வேண்டாம், உங்களோடு சிஸ்டராகப் பயிலும் மற்ற நவகன்னியருக்கும் வேண்டாம். வாசித்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிடுங்கள். உங்களுக்கு இதைப் பற்றி எதுவும் எழுதமாட்டேன் என்று அம்மா என் கையைச் சிலுவையில் வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். அவர் தூங்கிய பிறகு போர்வைக்குள் ஃபோன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருப்பது அதனால்தான்.

நானும் அம்மாவும் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். சுகம் என்று எழுதித்தான் பழக்கம். அம்மாவைப் பொறுத்தவரை அது உண்மையில்லை.

அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருப்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் மடத்துக்குப் போன பிறகு கால் எரிச்சல் தொடங்கியது. இப்போது பெரிதாகிவிட்டது. உள்ளங்காலில் கொச்சிக்காய் அரைத்துப் பூசியது போல இருக்கிறதாம். போர்வை பட்டாலே நோகிறதாம். இந்தக் குளிரிலும் காலை வெறும் சீமெந்துத் தரையில் நீட்டிக்கொண்டு படுக்கிறார். சீனி கூடி நரம்பு பழுதாகிவிட்டது என்று கிளினிக்கில் சொல்லி ஒரு செருப்பும் குளிசையும் கொடுத்தார்கள். அதைக் குடித்தால் தலை சுற்றுகிறது, மலையில் விழுந்துவிடுவேன் என்று அம்மா பாதியில் நிறுத்திவிட்டார். விடிந்ததும் ஒன்றும் நடக்காதது போலத் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறார்.

உங்கள் மடத்தில் மருந்தகம் இருக்கிறது, சிஸ்டர் பிலோமினா முன்பு தாதியாக இருந்தவர் என்று ஈஸ்டருக்குப் பேசியபோது சொன்னீர்கள். இந்த நோவு தானாகக் குறையுமா, கால் கெட்டுப்போகுமா என்று அவரிடம் கேட்டு எழுதுங்கள். யாருடைய கால் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பதிலைத் தோட்ட முகவரிக்கு அனுப்ப வேண்டாம். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குக் கூடும்போது கணக்கப்பிள்ளை பெயர் சொல்லிக் கடிதம் கொடுப்பது உங்களுக்கு மறந்திருக்காது. நேராக அம்மாவின் கைக்குப் போய்விடும். என் கூட்டாளி சர்மிளாவின் அப்பாவுக்கு மஸ்கெலியா டவுனில் தையல் கடை இருக்கிறது. அந்த முகவரியைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். மடத்துக்கு ஃபோன் எடுக்க எனக்குப் பயம். மதர்தான் எடுப்பார். வீட்டில் வருத்தம் என்று தெரிந்தால் உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், டிசம்பரில் நீங்கள் வார்த்தைப்பாடு கொடுத்து சிஸ்டராக முடியாது என்று அம்மா சொல்கிறார்.

உங்கள் தங்கை,
அனோஜா


நவகன்னியர் இல்லம்,
பண்டாரவளை.
ஜூன் 19

அன்பு அனோஜா,

நான் நலமாக இருக்கிறேன். விடியுமுன் எழும்புவது எனக்கு இங்கே கஷ்டமாகவே இல்லை. அம்மா தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு நம்மைத் தட்டி எழுப்பும் நேரம்தானே அது.

கடிதத்தை எரிக்கவில்லை. அடுப்படியில் எப்போதும் யாராவது நிற்பார்கள். கையில் கடிதத்தோடு அங்கே போனால்தான் எல்லோருக்கும் தெரியவரும். செபப் புத்தகத்தின் உறைக்குள் செருகி வைத்திருக்கிறேன்.

தெரிந்த ஒரு வீட்டில் இப்படி என்று சிஸ்டர் பிலோமினாவிடம் கேட்டேன். குளிசையைத் தானாக நிறுத்தக் கூடாது, தலை சுற்றினால் கிளினிக்கில் சொல்லி அளவை மாற்ற வேண்டும் என்றார். பாதத்தை ஒவ்வொரு நாளும் திருப்பிப் பார்க்க வேண்டும். வெறுங்காலோடு முற்றத்துக்குக்கூட இறங்கக் கூடாது.

இன்னொன்றும் சொன்னார். இந்த வருத்தக்காரர்களுக்கு நரம்பு மட்டும் கெடுவதில்லையாம், எலும்பும் இளைத்துப்போகிறதாம். நரம்பும் எலும்பும் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டே இருக்கும், நரம்பு கெட்டால் அந்த விசாரிப்புக் குழம்பிவிடும், ஏன் எப்படி என்று பெரிய டொக்டர்மாரே இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்றார். ஆனபடியால் அம்மா விழாமல் பார்த்துக்கொள். கிளினிக்கில் கொடுத்த செருப்பை அம்மா போடுகிறார்தானே? சிஸ்டர் அதைத்தான் முதலில் கேட்டார். நான் ஆம் என்று சொல்லிவிட்டேன்.

படிப்பை விடாதே. அம்மாவுக்கு என் முத்தம். அதை எப்படிக் கொடுப்பாய் என்று தெரியவில்லை, நீயே ஒரு வழி பார்.

அக்கா ஜெனிதா


மேற்பிரிவு
ஜூலை 5

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தைச் சர்மிளா இரசாயனப் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுத்தாள். எல்லோரும் நலம். மழை விடவில்லை. கூரைத் தகரத்தில் ஓட்டை உங்கள் கட்டிலுக்கு நேர்மேலே விழுந்திருக்கிறது, நீங்கள் இல்லாதது நல்லது என்று அம்மா சிரிக்கிறார்.

முத்தத்தைக் கொடுத்துவிட்டேன். பரீட்சையில் புள்ளி கூடக் கிடைத்த சாட்டில் கொடுத்தேன்.

செருப்பைக் கேட்டிருந்தீர்கள். செருப்பு இருக்கிறது. புதிது போலவே இருக்கிறது.

போன கிழமை மலையில் இறங்கும்போது அம்மாவின் இடது கால் சறுக்கித் தண்ணீர்க் கானுக்குள் போய்விட்டது. விழவில்லை, பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொண்டாராம். நோகவும் இல்லையாம். அன்றைக்கு முழுக்கக் கொழுந்து எடுத்துவிட்டுத்தான் வந்தார். மறுநாள் பார்த்தால் பாதம் வீங்கிச் சிவந்து, கணுக்கால் எலும்பே தெரியவில்லை. பக்கத்துக் காம்பிரா வீட்டு வேலாயி பெரியம்மா வந்து பார்த்தார். இந்த லயத்தில் யாருக்குச் சுளுக்கு என்றாலும் அவர்தானே உருவி விடுகிறவர். சுளுக்கேதான் என்று சொல்லிவிட்டார்.

"நாலு தரம் உருவினா ஓடிப்போயிரும் இசபெல். ஞாயித்துக்கெழமை எண்ணெயோட வர்றேன்."

"உருவுறதுன்னா உருவுங்கக்கா, காலை மட்டும் எனக்கு மிச்சம் வச்சிருங்க" என்றார் அம்மா.

"ஒன் காலு எனக்கு எதுக்கு? கோழிக்காலுன்னாலும் கொழம்பு வைக்கலாம்."

இருவரும் நன்றாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் நீங்கள் எலும்பைப் பற்றி எழுதியது மனதில் கிடக்கிறது. சுளுக்குத்தானே, உருவினால் சரியாகிவிடும்தானே? உடனே எழுதுங்கள்.

அனோஜா


பண்டாரவளை
ஜூலை 12

அனோஜா,

நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. வேலாயி பெரியம்மாவைக் காலைத் தொட விடாதே. ஏற்கெனவே உருவியிருந்தால் அதோடு நிறுத்து.

உன் கடிதத்தில் இருந்ததை அப்படியே சிஸ்டர் பிலோமினாவிடம் சொன்னேன். கால் வீங்கியிருக்கிறது, சிவந்திருக்கிறது, நடக்க முடிகிறது, பெரிதாக நோவில்லை என்றேன். அவர் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டார். நீயும் நானும் கானுக்குள் காலை விட்டு எலும்பு உடைந்திருந்தால் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதிருப்போம். நரம்பு கெட்ட காலுக்கு அது தெரியாது. எரிச்சல் மட்டும் எரிந்துகொண்டிருக்கும், உடைந்த நோவு வராது. எலும்பும் இளைத்திருப்பதால் சின்னச் சறுக்கலே போதும். அதன் மேல் நடக்க நடக்க, உடைந்தது நொறுங்கும். உருவினாலும் அப்படித்தான்.

இப்படிச் செய். உன் புறங்கையை அம்மாவின் வலது பாதத்தில் வைத்துப் பார், பிறகு இடது பாதத்தில் வைத்துப் பார். இடது கால் சூடாக இருந்தால் அது சுளுக்கு இல்லை என்று வைத்துக்கொள். காலை ஊன்றக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அதுவரை வேலைக்குப் போக வேண்டாம்.

தையல் கடைக்குத்தான் அனுப்புகிறேன். கிடைத்த அன்றே பதில் போடு.

ஜெனிதா


மேற்பிரிவு
ஜூலை 27

அன்புள்ள அக்கா,

நலம், நலமறிய ஆவல். உங்கள் பதில் இன்னும் என் கைக்கு வரவில்லை. டவுன் பாதையில் மண் சரிந்து கிடக்கிறது. பஸ் இல்லை, பள்ளிக்கூடமும் மூடிவிட்டார்கள். திறக்கிறபோது விடுமுறையும் வந்துவிடும் என்கிறார்கள். இந்தக் கடிதத்தை ஃபெக்டரிச் சந்திப் பெட்டியில் போடுகிறேன், எப்படியாவது உங்களிடம் வந்து சேரும்.

பயப்பட வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். வேலாயி பெரியம்மா இரண்டு தரம் உருவிவிட்டார். அம்மா முகம் சுளிக்கவே இல்லை. உருவும்போது ராசம்மா வீட்டுக் கலியாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இவ்வளவு பொறுமையான காலை நான் உருவினதே இல்லை என்று பெரியம்மா எல்லோரிடமும் சொல்கிறார். வீக்கம் இன்னும் இருக்கிறது. ஆனால் இடது காலில் எரிச்சலும் குறைந்துவிட்டதாம். நேற்று அம்மா காலைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினார். எத்தனை நாளைக்குப் பிறகு.

ஓய்வு எடுக்கச் சொன்னேன். ஓய்வெடுத்தால் சும்மா இருக்கிற காலும் பிடித்துக்கொள்ளும் என்று மலைக்குப் போய்விட்டார். கொழுந்தும் முன்னைவிடக் கூட எடுக்கிறார்.

நீங்கள் செபித்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். டிசம்பர் திகதி குறித்துவிட்டார்களா? அம்மா தினமும் கேட்கிறார்.

அனோஜா


பண்டாரவளை
ஆகஸ்ட் 4

அன்பு அனோஜா,

உன் கடிதத்தைத் தேவாலயத்தில் வைத்து வாசித்தேன். சந்தோசமாக எழுதியிருக்கிறாய். எனக்குச் சந்தோசம் வரவில்லை.

நோவு இல்லை என்பது சுகம் வந்ததற்கு அடையாளம் இல்லை. நான் முன்பு எழுதிய கடிதம் தையல் கடையில் கிடக்கிறது. எப்படியாவது போய் அதை எடு. நடந்தாவது போ.

இன்னொரு கேள்வி. செருப்பு புதிது போல இருக்கிறது என்று எழுதினாய். மலையில் போட்ட செருப்பு ஏன் புதிது போல இருக்கிறது? நீ பொய் சொல்ல மாட்டாய், சொல்லாமல் விடுவாய். சின்ன வயதிலும் அப்படித்தான். இந்த முறை சொல்.

ஜெனிதா


மேற்பிரிவு
ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்கா,

உங்கள் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் கிடைத்தன. பாதை திறந்து நேற்றுத்தான் பள்ளிக்கூடம் போனேன். சர்மிளாவின் அப்பா அவற்றைத் தைத்த சட்டைகளோடு பத்திரமாக வைத்திருந்தார். ஜூலையில் எழுதியதைக் கடை வாசலிலேயே நின்று வாசித்தேன். மழை பெய்தது தெரியவில்லை, சர்மிளாதான் உள்ளே இழுத்தாள்.

வந்ததும் அம்மாவின் காலைக் கழுவி விடுகிறேன் என்று சொல்லிப் புறங்கையை வைத்துப் பார்த்தேன். வலது கால் தரை போலக் குளிர்ந்திருந்தது. இடது கால் சூடு, இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கி வைத்த கேத்தலின் பக்கம் போல. உள்ளங்காலின் நடுவில் குழி இருக்கும் அல்லவா, அம்மாவுக்கு அது இல்லை. நிரம்பிப் போயிருக்கிறது.

செருப்பைப் பற்றிச் சொல்கிறேன். கிளினிக்கில் கொடுத்த செருப்பு கட்டிலுக்குக் கீழே பெட்டியில் இருக்கிறது. அம்மா அதை ஒரு நாளும் போடவில்லை. நீங்கள் மடத்துக்குப் போன அன்று அவர் மாதாவிடம் நேர்ந்துகொண்டார். நீங்கள் வார்த்தைப்பாடு கொடுக்கும்வரை காலில் செருப்புப் போடுவதில்லை என்று. மலைக்கும் போடுவதில்லை, கக்கூசுக்கும் போடுவதில்லை. கீழ்ப்பிரிவு ஸ்டெல்லா அக்கா மடத்திலிருந்து பாதியில் திரும்பி வந்தபோது லயத்துச் சனம் என்னென்ன பேசியது என்று உங்களுக்கும் தெரியும். உங்களுக்கு அப்படி வரக் கூடாது என்றுதான். இதை உங்களிடம் சொல்லக் கூடாது என்பதுதான் சத்தியம். கால் எரிச்சலைப் பற்றி மட்டும் எழுதினால் சத்தியம் பாதிதான் முறியும் என்று நினைத்தேன். இப்போது முழுதாக முறித்துவிட்டேன்.

அம்மாவிடம் எலும்பைப் பற்றிச் சொன்னேன். விஞ்ஞானப் பாடத்தில் படித்ததாகச் சொன்னேன்.

"நடக்கிற காலு எப்படிடி ஒடஞ்ச காலா இருக்கும்?" என்று கேட்டார்.

"நரம்பு செத்துப்போனா தெரியாதும்மா."

"செத்தா நல்லதுதானே. இத்தனை நாளா எரிஞ்சுச்சு. இன்னும் கொஞ்ச நாளு, டிசம்பரு வந்துரும். அக்காவுக்கு வெள்ளை உடுப்புப் போட்டதும் நானும் செருப்புப் போட்டுக்கிறேன். ரெண்டு பேரும் சேந்தே போடுவோம்."

அக்கா, வந்துவிடாதீர்கள். யோசித்துப் பார்த்துவிட்டேன். நீங்கள் இங்கே வந்தால் உங்கள் வார்த்தைப்பாடு தள்ளிப்போகும். தள்ளிப்போனால் அம்மா அதுவரைக்கும் வெறுங்காலோடு இருப்பார். நீங்கள் வருவதுதான் அம்மாவின் காலுக்குக் கூடாது. நான் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள்.

அனோஜா


பண்டாரவளை
ஆகஸ்ட் 28

அன்புத் தங்கைக்கு,

நீ செய்தது சரி. சத்தியத்தின் பாவம் இருந்தால் பாதியை என் கணக்கில் எழுதிக்கொள்.

எனக்காக என்று எனக்குத் தெரியாமல் ஒருவர் இவ்வளவு காலம் கல்லிலும் முள்ளிலும் நடந்திருக்கிறார். நான் இங்கே மெழுகிய தரையில் சப்பாத்தோடு நடக்கிறேன். அதைப் பற்றி இப்போது எழுத மாட்டேன்.

நம் பங்கு பாதருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். ஒரு நேர்த்திக்கடனை வேறொன்றாக மாற்றிக் கொடுக்கக் குருவானவருக்கு முடியும். அவர் வந்து பேசுவார். அதற்குள் நீ அம்மாவை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போ. என்ன பொய் சொல்லியாவது கூட்டிப்போ. உனக்கே வயிற்றுவலி என்று சொல்.

படத்தில் என்ன தெரிகிறது என்று டொக்டர் சொல்வதை அப்படியே எழுது.

அக்கா


மேற்பிரிவு
செப்டெம்பர் 13

அன்புள்ள அக்கா,

டிசம்பரைப் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் நீங்கள் பதில் எழுதவில்லை. மறந்துவிட்டீர்களோ தெரியாது. நாங்கள் நலம் என்று இந்த முறை எழுதவில்லை.

வயிற்றுவலி என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். அங்கே போனதும் உண்மையைச் சொன்னேன். வெளியே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அம்மா பேசாமல் எக்ஸ்ரேக்கு வந்தார். டொக்டருக்குத் தமிழ் கொஞ்சம்தான் தெரியும், நான் சிங்களத்தில் பேசினேன். படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். பாதத்தின் நடுவில் சின்ன எலும்புகள் வரிசையாக இருக்க வேண்டிய இடத்தில், கொட்டி வைத்த சல்லிக்கல் போலக் கிடக்கிறது. மற்ற எலும்புகளும் இந்த வயதுக்கு இருக்க வேண்டிய கனம் இல்லை என்றார். காலை இனி ஊன்றவே கூடாதாம். முழங்கால் வரை கட்டுப் போட்டு, மூன்று நான்கு மாதம், கூடவும் ஆகலாம். இப்படியே நடந்தால் அடிப்பாதம் வெளியே தள்ளி, அந்த இடத்தில் புண் வந்து, கடைசியில் காலை எடுக்க வேண்டி வரும் என்றார். அதையும் நான்தான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

அம்மா கவனமாகக் கேட்டுவிட்டு, "இந்தக் கட்டு செருப்புக் கணக்குல சேருமான்னு கேளு" என்றார்.

கேட்டேன். நான் பிழையாக மொழிபெயர்த்துவிட்டேன் என்று நினைத்து டொக்டர் மறுபடி கேட்டார். கட்டுக்கு அடியில் ரப்பர் வைத்திருக்கும் என்றார். அம்மாவுக்கு அது போதும்.

"டிசம்பரு முடியட்டுங்க ஐயா. அப்புறம் ரெண்டு காலுக்கும் சேத்துப் போட்டு விடுங்க."

அப்படியே எழும்பி நடந்து வந்துவிட்டார். பஸ்ஸிலும் நின்றுகொண்டுதான் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பாதர் வந்தார். நேர்த்தியைச் செபமாலையாக மாற்றித் தருகிறேன், மாதாவுக்கு உங்கள் கால் வேண்டாம் என்று தன்மையாகச் சொன்னார். அம்மா தேத்தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னது இது: "நான் மாதாகிட்ட சொன்னேன் பாதர். மாதாவும் சரின்னு புள்ளையை இந்த மட்டும் காப்பாத்திக் குடுத்துருக்காங்க. இப்ப நடுவுல நான் வெலையைக் கொறைச்சா நல்லாவா இருக்கும்?" பாதர் தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். மறுபடி வருகிறேன் என்று போனார்.

யார் பாதருக்குச் சொன்னது என்று அம்மாவுக்கு விளங்கியிருக்கும். என்னைத் திட்டவில்லை. அன்றைக்கு மீன் பொரித்துத் தலைத் துண்டை எனக்கு வைத்தார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இனி என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அனோஜா


பண்டாரவளை
செப்டெம்பர் 21

அன்பு அனோஜா,

நீ சுகமாக இருக்க வேண்டும், ஒழுங்காகச் சாப்பிட வேண்டும். மீன் தலையைச் சாப்பிட்டாயா?

டிசம்பரைப் பற்றிக் கேட்டிருந்தாய். உன் ஆகஸ்ட் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்கு அதற்குப் பதில் தெரியாமல் இருந்தது, அதனால்தான் எழுதவில்லை. இப்போது தெரியும்.

நேற்று மதரிடம் எல்லாக் கடிதங்களையும் கொடுத்தேன். யாருக்கும் காட்டாதீர்கள் என்று நீ எழுதியதைத்தான் அவர் முதலில் வாசித்தார். என்னை மன்னித்துக்கொள். சிஸ்டர் பிலோமினாவும் இருந்தார். அவருக்கு ஜூன் மாதமே தெரியுமாம். செருப்புப் போடுகிறாரா என்று கேட்டபோது நான் ஆம் என்று சொன்ன விதத்திலேயே அது என் அம்மா என்று விளங்கிவிட்டதாம்.

பிறகு மதரிடம் சொன்னேன். நானும் மாதாவிடம் ஒன்று நேர்ந்துகொண்டேன். அம்மாவின் கால் ஆறும்வரை நான் வார்த்தைப்பாடு கொடுப்பதில்லை. கட்டுப் போட்டு, எலும்பு ஒட்டிவிட்டது என்று டொக்டர் சொன்ன பிறகுதான் கொடுப்பேன். அது அடுத்த வருடமோ அதற்கடுத்ததோ, அம்மாவின் காலைப் பொறுத்தது.

மதர் கடிதங்களை மடித்து என்னிடம் திருப்பித் தந்தார். "இது நேர்த்தியா, பிடிவாதமா?" என்று கேட்டார்.

"எங்க வீட்டில ரெண்டுக்கும் ஒரே அடுப்புத்தான் மதர்."

அவர் சிரிக்கவில்லை. டிசம்பர் வரிசையில் இருந்து என் பெயரை எடுத்துவிட்டார். எனக்கு அது வலித்தது, வலிக்கவில்லை என்று உனக்கு எழுத மாட்டேன். பிறகு அவரே வீட்டுக்குப் போய்வர அனுமதி தந்தார். பதினைந்து நாளுக்கு மேல் போனால் அந்த நாட்களை இங்கே திரும்ப இருந்து நிரப்ப வேண்டும். நிரப்புவேன். ஸ்டெல்லா அக்காவைப் பேசியது போல என்னையும் பேசட்டும். நான் திரும்பிப் போவதையும் அவர்கள் பார்ப்பார்கள்.

நீ சொன்ன கணக்கைத்தான் திருப்பிப் போட்டிருக்கிறேன். இனி அம்மா வெறுங்காலோடு நடக்கும் ஒவ்வொரு நாளும் நான் சிஸ்டராவது ஒரு நாள் தள்ளிப்போகும். பாதர் சொன்னால் கேட்க மாட்டார். நானே முகத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை புறப்படுகிறேன். ஹட்டன் வரை ரயில், பிறகு கடைசி பஸ் கிடைத்தால் உண்டு. மேற்பிரிவுக்கு ஏறும்போது நன்றாக இருட்டிவிடும். அம்மாவிடம் சொல்லாதே. சொன்னால் அந்தக் காலோடு வீடு மெழுகத் தொடங்கிவிடுவார். இந்தக் கடிதத்துக்கு முன்பே நான் வந்துவிட்டாலும் ஆச்சரியமில்லை.

அக்கா


மேற்பிரிவு
செப்டெம்பர் 25, புதன், இரவு

அன்புள்ள அக்கா,

உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இன்றைக்கும் தையல் கடையில் கேட்டேன். நான் எழுதியதில் கோபமா? அல்லது மதர் பார்த்துவிட்டாரா? சுகமாக இருக்கிறீர்கள் என்று ஒரு வரியாவது எழுதுங்கள்.

அம்மாவின் அடிப்பாதம் டொக்டர் சொன்னது போலவே வெளியே தள்ளிவிட்டது. தரையில் வைத்தால் நடுப்பாதம் முதலில் படுகிறது, விரல்கள் மேலே நிற்கின்றன. அந்த மேட்டில் ரூபாய்க் குற்றிக் காசு அளவுக்குத் தோல் சிவந்திருக்கிறது. இன்னும் உடையவில்லை. நான் காலையும் மாலையும் பார்க்கிறேன். அம்மா காட்டுகிறார். காலை நீட்டிவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறார். அம்மாவுக்கும் பயம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆனால் விட்டுக்கொடுக்க வழி தெரியவில்லை.

நாளைக்கு வேலாயி பெரியம்மா மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வீட்டுக்குப் போய், எக்ஸ்ரேயில் உடைந்திருக்கிறது, உருவாதீர்கள் என்று கெஞ்சினேன். அவருக்கு முகம் விழுந்துபோய்விட்டது. "நான் உருவினதாலயா பாப்பா?" என்று கேட்டார். இல்லை, முன்பே உடைந்துவிட்டது என்று சொன்னேன். நாளைக்கு எண்ணெய் கொண்டுவர மாட்டார், சும்மா வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்.

இன்றைக்கு அம்மா மலையிலிருந்து வந்து கட்டிலுக்குக் கீழே இருந்த பெட்டியை இழுத்துச் செருப்பை எடுத்தார். போடவில்லை. தூசியைத் துடைத்து, வாரை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். நான் படிப்பது போல இருந்தேன். "டிசம்பருக்கு இன்னும் எத்தனை ஞாயித்துக்கெழமை இருக்கு?" என்று கேட்டார். எனக்கு எண்ண மனம் வரவில்லை. அக்கா, அதுவரைக்கும் அந்தத் தோல்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். இந்த நேரத்தில் யார் என்று தெரியவில்லை. நாய் குரைக்கவில்லை. அம்மா விழித்துவிட்டார், யாரென்று கேட்டுக்கொண்டு காலைக் கீழே வைக்கிறார். அம்மா எழும்பாதீங்க, ஊனாதீங்க, நான்